டிப்ளோமா கொடுத்தாச்சு, அப்புறம் சோத்துக்கு? ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களுக்கு ஒரு ஊரையே உருவாக்கிய பிரின்சிபால்!

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருக்கிறவங்களுக்கு வீக் எண்ட் பிளான்னாலே பாதி நேரம் ஈ.சி.ஆர்-தான். சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி அக்கரையில் ஈ.சி.ஆரைத் தொட்டால், வலது பக்கம் மாமல்லபுரம். இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே ஈஞ்சம்பாக்கம். வி.ஜி.பி-க்குப் போகிற ஜோரில், சோழமண்டல ஓவியர் கிராமம் என்ற போர்டைக் கவனிக்காமலேயே பல தடவை கடந்திருப்பீங்க.

உள்ளே போய்ப் பார்த்தவர்களில் பலர், அது ஏதோ அரசாங்கம் கட்டிய சுற்றுலா இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. 1966-ல், ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் துணிக்குச் சாயம் போட்டு விற்ற காசில் வாங்கிய நிலம் அது. அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனவர், அந்தக் கல்லூரியின் பிரின்சிபால். பெயர் கே.சி.எஸ்.பணிக்கர்.

ஒரு பிரின்சிபால் எதற்காகத் தன் மாணவர்களுக்கு ஊர் கட்டித்தர வேண்டும்? ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கப் போறேன் என்று வீட்டில் சொன்னதும் கிளம்புகிற அதே பழைய கேள்விதான் காரணம். படிச்சு முடிச்சிட்டு என்ன பண்ணுவ?

தந்தி ஆபீஸிலிருந்து ஓவியப் பள்ளிக்கு

1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். மலையாளக் குடும்பம். சிறு வயதுப் படிப்பு கேரளத்தின் பொன்னானியில். காயல், தென்னந்தோப்பு, வயல் என்று பச்சைப் பசேலென்று இருக்கிற ஊர். 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். 17 வயதில் அவருடைய ஓவியங்கள் சென்னையின் நுண்கலைச் சங்கக் கண்காட்சியில் இடம்பிடித்தன.

இந்த இடத்தில் சினிமாவாக இருந்தால், பையன் நேராக ஓவியப் பள்ளியில் சேர்ந்திருப்பான். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. அப்பா இறந்துபோனார். குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார் பணிக்கர். பிடித்த விஷயம் ஒரு பக்கம், மாதச் சம்பளம் இன்னொரு பக்கம் என்ற இழுபறி அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

1936-ல், 25 வயதில், அந்த வாழ்க்கையை விட்டுவிட்டுச் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இன்றைய கணக்கில், வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் பேப்பர் போட்டுவிட்டு ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளோடு போய் உட்காருவது மாதிரி.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற பள்ளி

அவர் சேர்ந்த பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் போகும் வழியில், பெரியமேட்டில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவில் தொடங்கப்பட்ட ஓவியப் பள்ளிகளில் மூத்த பள்ளி இது.

ஆனால் ஓவியப் பள்ளி என்ற பெயருக்குப் பின்னால் வேறு ஒரு கணக்கு இருந்தது. மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை, நெசவு என்று கைத்தொழில் கற்றுத்தந்து, விற்பனைக்கு ஏற்ற பொருள் செய்பவர்களை உருவாக்குவதுதான் பெரிய நோக்கம். நம்ம வீட்டுக் கிச்சனில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்தப் பள்ளிக்கும்கூடத் தொடர்பு உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை இந்த வளாகத்தில்தான் தொடங்கினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெரினா எதிரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் இருக்கு இல்லையா? அதை வடிவமைத்த ராபர்ட் சிஸம், இந்த ஓவியப் பள்ளிக்கும் தலைமை வகித்தவர். பல்கலைக்கழகத்தின் அடையாளமான கட்டடத்தைக் கட்டிய ஆளின் பள்ளி, பல்கலைக்கழகத்துக்குள் வரவில்லை. அது தொழில்துறையின் கீழேயே இருந்தது. படித்தவர்களுக்குக் கிடைத்தது பட்டம் இல்லை, டிப்ளோமா.

இத்தனைக்கும் இசைக்கு அந்தக் கதவு திறந்தாச்சு. 1930-களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை ஒரு பாடமாக வந்துவிட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது இசைக் கல்லூரியும் அதோடு சேர்ந்தே இருந்தது. பாடுகிறவர்களும் வீணை வாசிக்கிறவர்களும் பல்கலைக்கழகத்துக்குள் போனார்கள். வரைகிறவர்களும் செதுக்குகிறவர்களும் தொழில்துறை வாசலிலேயே நின்றார்கள். மூளை வேலைக்குப் பல்கலைக்கழகம், கை வேலைக்குத் தொழில்பள்ளி என்ற பிரிவினைதான் இதற்கு அடிப்படை. பணிக்கரின் பிற்கால வாழ்க்கை முழுக்க இந்தக் கோட்டின் மேல்தான் நடந்தது.

மல்யுத்தம் தெரிந்த மாஸ்டர்

பணிக்கர் சேர்ந்தபோது பள்ளியின் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-ல் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை இவர் செய்ததுதான். அதே கடற்கரையில் இருக்கும் காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், எழுத்து என்று பல பக்கம் கால் வைத்த முரட்டு ஆளுமை.

ராய் சௌத்ரி வந்தபிறகுதான் பள்ளியின் எடை கைத்தொழிலிலிருந்து ஓவியம், சிற்பம் பக்கம் நகர ஆரம்பித்தது. மாடலை நேரில் உட்காரவைத்து வரைவது, வெளியே போய் வரைவது என்று பயிற்சி கடுமையாக இருந்தது. அந்தப் பட்டறையில் தேறியவர்தான் பணிக்கர். படிப்பை முடித்த கையோடு, 1941-ல் அதே பள்ளியில் ஆசிரியராகவும் ஆனார்.

ஆனால் கிளாஸ் எடுத்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று அவர் இருக்கவில்லை. 1944-ல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்க ஆளும் இல்லை, தொங்கவிடச் சுவரும் இல்லை. சங்கம் கண்காட்சிகளை நடத்தியது. இளம் ஓவியர்களின் படங்களை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. 1960-களின் தொடக்கத்தில் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற பத்திரிகையும் சங்கத்தின் சார்பில் வந்தது. ஓவியம் வரைந்தால் மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் வேண்டும் என்பது பணிக்கருக்குத் தெரிந்திருந்தது.

லண்டன், பாரிஸ்... பிறகு ஒரு தேடல்

1954-ல் பணிக்கர் ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி. அதுவரை புத்தகத்தில் மட்டும் பார்த்த மேற்கத்திய நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். அவருடைய ஆரம்பகால ஓவியங்களில் ஐரோப்பிய ஓவியர்களின் சாயல் நன்றாகவே தெரியும். திரும்பி வந்தபிறகு அவருடைய தேடல் வேறு பக்கம் போனது. பாரிஸில் இருப்பவர் மாதிரி சென்னையில் இருப்பவர் எதற்கு வரையணும்? நம்ம ஊர்க் கண்ணுக்குப் பழகிய கோடு எது, நிறம் எது?

இதே சமயத்தில் இந்தியாவின் மற்ற இடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்கணும். சாந்திநிகேதனில் தாகூர் 1919-லேயே கலா பவனத்தைத் தொடங்கிவிட்டார். அங்கே ஓவியமும் இலக்கியமும் இசையும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. 1950-ல் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கவின்கலைக்கென்றே ஒரு புலம் வந்தது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அங்கே டிகிரி. கலை வரலாறும் பாடம். பக்கத்து பில்டிங்கில் பௌதிகம், வரலாறு படிக்கிற மாணவர்கள். சென்னை மட்டும் பழைய தொழில்துறை டிப்ளோமாவோடு இருந்தது.

பிரின்சிபால் ரூமிலிருந்து

1957-ல் ராய் சௌத்ரி ஓய்வுபெற, அந்த நாற்காலிக்குப் பணிக்கர் வந்தார். பத்து வருடம் அங்கே இருந்தார்.

அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. கைத்தொழில் பிரிவுகளை மட்டமாக நினைத்து ஓரங்கட்டிவிட்டு, ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டும் தூக்கிப்பிடிப்பது ஒன்று. பணிக்கர் அதைச் செய்யவில்லை. கைவினையும் கலையும் ஒரே வளாகத்தில் இருப்பதைப் பலமாக மாற்றினார். ஓவியம் படிக்கிற பையன், பக்கத்துப் பட்டறையில் செப்புத் தகடு எப்படி வளைகிறது, களிமண் சூளையில் எப்படி நிறம் மாறுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். கோயில் சிற்பம், சோழர் காலச் செப்புத் திருமேனி, நாட்டுப்புறப் பொம்மை, கோலம் எல்லாமே பாடமாகப் பார்க்கப்பட்டன.

இதற்கு நல்ல உதாரணம், அந்தக் கல்லூரியின் சிற்பி பி.வி.ஜானகிராம். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் உலோகக் கவசத்தைப் பார்த்திருப்பீங்க. தகட்டைத் தட்டி உருவம் கொண்டுவருகிற வேலை அது. அதே நுட்பத்தை எடுத்து, தகட்டிலேயே நவீன சிற்பங்களைச் செய்தார் ஜானகிராம். பட்டறையும் ஸ்டுடியோவும் தனித்தனியாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பணிக்கர் தனி ஆளாக இதைச் செய்யவில்லை. எஸ்.தனபால், எல்.முனுசாமி, ஏ.பி.சந்தானராஜ் என்று ஒவ்வொருவரும் தனிப் பள்ளி மாதிரியான ஆசிரியர்கள் அப்போது அங்கே இருந்தார்கள். மாணவர் பட்டியலைப் பார்த்தால் இன்னும் ஆச்சர்யம். கோடுகளாலேயே காந்தியை வரிசையாக வரைந்த கே.எம்.ஆதிமூலம், பாரிஸுக்குப் போய்ப் பெயர் வாங்கிய விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், பெங்களூரின் எஸ்.ஜி.வாசுதேவ் எல்லோரும் அந்தக் காலத்து மாணவர்கள். பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து படித்த டி.கே.பத்மினி, 30 வயதைத் தொடுவதற்குள் இறந்துபோனாலும் இன்று கேரளத்தின் முக்கியமான ஓவியராகக் கொண்டாடப்படுகிறார்.

அட, சினிமா ஆளும் உண்டு. நடிகர் சிவகுமார் சினிமாவுக்கு வருமுன் 1959-லிருந்து ஆறு வருடம் ஓவியம் படித்தது இந்தக் கல்லூரியில்தான். சூர்யா, கார்த்தியின் அப்பா சான்றிதழ் வாங்கிய ஓவியர் என்பது உங்களில் சிலருக்குப் புதுத் தகவலாக இருக்கலாம்.

டிப்ளோமாவுக்கு அப்புறம்?

இவ்வளவு திறமைசாலிகள் ஒவ்வொரு வருடமும் வெளியே வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்?

இங்கேதான் பிரச்னை. சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. கேலரிகள் கிட்டத்தட்ட இல்லை. ஸ்கூல் டிராயிங் மாஸ்டர், விளம்பர நிறுவனம், பத்திரிகை, துணி டிசைன், சினிமா செட் என்று ஏதாவது ஒரு வேலைக்குப் போகணும். ஆதிமூலம்கூட நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். அந்த வேலைகள் தாழ்ந்தவை இல்லை. ஆனால் காலையில் போய் இரவில் திரும்பினால், சொந்தமாக வரைய நேரமும் தெம்பும் எங்கே மிஞ்சும்? ஆறு வருடம் கற்ற கை, இரண்டே வருடத்தில் வரைவதை நிறுத்திவிடும்.

ஒரு கல்வி நிறுவனத்தின் தலைவர் இதைப் பார்த்துவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்தாச்சு, மீதி அவங்க தலையெழுத்து என்று போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பணிக்கர் அப்படிப் போகவில்லை. கலைக் கல்வி என்பது சான்றிதழ் கொடுப்பதோடு முடியவில்லை, படித்தவர் படித்ததைச் செய்துகொண்டே வாழ வழி இருக்கிறதா என்பதும் அந்தக் கல்வியின் பகுதிதான் என்று எடுத்துக்கொண்டார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்த அனுபவம் அவருக்கு இருந்ததே!

மெழுகும் சாயமும் வாங்கிக்கொடுத்த நிலம்

வழி, கல்லூரியின் கைவினைப் பிரிவிலிருந்தே கிடைத்தது. அதுதான் பாத்திக்.

பாத்திக் என்பது சிம்பிளான, ஆனால் பொறுமை கேட்கிற வேலை. மெழுகை உருக்கி, துணியில் அதைக்கொண்டு வரைவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. இன்னொரு நிறம் வேண்டுமா? வேறு இடத்தில் மெழுகு வைத்து மறுபடி முக்கணும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்தால் படம் தெரியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து, மெல்லிய நரம்பு மாதிரி கோடுகள் விழும். பாத்திக்கின் அழகே அதுதான்.

ஓவியம் வாங்கத் தயங்குகிறவர்கள்கூட, ஓவியர் கையால் செய்த துணியையும் கைவினைப் பொருளையும் வாங்கினார்கள். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து ஓவியர்களுக்கென்று ஒரு கைவினைச் சங்கத்தை உருவாக்கினார்கள். கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் பாத்திக் செய்து கண்காட்சி வைத்தார்கள். நல்ல விற்பனை. வந்த காசைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகாமல், சேர்த்துவைத்து நிலம் தேடினார்கள்.

1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிச் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். இன்றைய ஈ.சி.ஆர் ரேட்டை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீங்க! அப்போது அது சிட்டிக்கு வெகு தூரத்தில் கிடந்த மணல் பூமி. சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கடற்கரையின் பழைய பெயர்தான் அது. ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் என்று திரிந்ததும் அதுவே.

சுமார் 30 பேர் சேர்ந்து தொடங்கிய அந்தக் குடியிருப்பில் ஆரம்பத்தில் எளிய கூரைக் குடிசைகள்தான். காலக்கணக்கு இதுதான்: நாளில் ஒரு பகுதி கைவினை, வீட்டுச் செலவுக்கு. மீதி நேரம் முழுக்க ஓவியம், சிற்பம். யாரிடமும் கை ஏந்தாமல், யாருடைய ரசனைக்கும் ஓவியத்தை வளைக்காமல் இருக்கலாம். துணி விற்றால் சோறு வந்துவிடும், ஓவியம் விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெஞ்ச் இல்லாத வகுப்பறை

1967-ல் பணிக்கர் ஓய்வுபெற்றார். பெரிய பதவியில் இருந்தவர், விரும்பினால் எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் வந்து சேர்ந்தது தன் மாணவர்கள் குடியிருந்த அதே மணலுக்கு.

மாணவர்களும் ஆசிரியர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். ஜே.சுல்தான் அலி, கே.வி.ஹரிதாசன், எம்.சேனாதிபதி, கோபிநாத் என்று பலர் அங்கே இருந்து வேலை செய்தார்கள். ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்து விமர்சிப்பது தினசரி விஷயம். பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபால் உலோகச் சிற்பங்களில் தனிப்பெயர் வாங்கினார். சென்னையிலிருந்து கிளம்பிய இந்த அலையைத்தான் இன்றைக்கு மெட்ராஸ் கலை இயக்கம் என்று கலை வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள்.

அங்கே வாழ்ந்தவர்களில் கே.ராமானுஜத்தைச் சொல்லாமல் போக முடியாது. பேச்சு சரளமாக வராது. மனநலச் சிக்கல் இருந்தது. வழக்கமான படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. மார்க் ஷீட்டை வைத்து அளந்திருந்தால் தேறாத கேஸ் என்று எழுதி மூடியிருப்பார்கள். பணிக்கர் அவரைக் கல்லூரியிலும் அரவணைத்தார், பிறகு கிராமத்திலும் இடம் கொடுத்தார். இங்க் பேனாவால் ராமானுஜம் வரைந்த கனவு மாளிகைகளும், பறக்கும் உருவங்களும், தொப்பி போட்ட மனிதரும் வேறு யாராலும் வரைய முடியாதவை. 1973-ல், 30-களின் தொடக்கத்திலேயே அவர் இறந்துபோனார். இன்று இந்திய நவீன ஓவியத்தின் முக்கியமான பெயர்களில் ஒன்று அவருடையது. ஒரு கல்வி நிறுவனம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு ராமானுஜம் ஒரு பதில்.

படிக்க முடியாத பக்கம்

பணிக்கரின் புகழ்பெற்ற ஓவிய வரிசை, 1963 வாக்கில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும். அதில் ஒன்றைப் பார்த்தால் முதலில் ஓவியம் என்றே தோன்றாது. பழைய ஜாதக ஏடு மாதிரி, கணக்கு நோட்டின் பக்கம் மாதிரி இருக்கும். கட்டங்கள், எண்கள், மீன், பறவை, கிரகச் சக்கரம், நடுவே வரிவரியாக எழுத்து. மலையாள எழுத்து மாதிரி இருக்கே என்று கிட்டப் போய்ப் படிக்க முயன்றால், ஒரு வார்த்தையும் படிக்க வராது. அது எழுத்தின் தோற்றம் மட்டும்தான். அர்த்தத்தைக் கழற்றிவிட்டு, எழுத்தின் அழகை மட்டும் விட்டுவைத்திருப்பார்.

பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஜாதகக் கட்டு, கோயில் சுவர்க் கல்வெட்டு, பஞ்சாங்கப் பக்கம்... நமக்கு இவையெல்லாம் தகவல். பணிக்கருக்கு இவை கண்ணுக்கான பொருளும்கூட. ஐரோப்பாவிலிருந்து திரும்பியபிறகு அவர் தேடிய நம்ம ஊர்க் கோடு இப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. படிப்பு வேறு, படம் வேறு என்று பல்கலைக்கழகம் போட்டுவைத்திருந்த கோடு, இந்தக் கேன்வாஸில் கொஞ்சம் அழிகிறது.

1976-ல் லலித் கலா அகாடமி அவருக்கு ஃபெல்லோஷிப் கொடுத்துக் கௌரவித்தது. அடுத்த ஆண்டே, 1977 ஜனவரியில், 65 வயதில் பணிக்கர் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென்று திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஒரு தனி கேலரியே இருக்கிறது. அங்கே போனால் பத்மநாபசாமி கோயிலோடு திரும்பிவிடாதீங்க.

எல்லாம் சரியா நடந்ததா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. முதல் தலைமுறையில் இருந்த வேகம் அடுத்த தலைமுறைக்கு முழுசாகக் கடத்தப்படவில்லை. சிலர் பாரிஸுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அர்னவாஸ் மாதிரி ஓரிருவரைத் தவிர ஆரம்பகாலக் கிராமத்தில் பெண் ஓவியர்கள் ரொம்பக் குறைவு. நிலத்தின் விலை விண்ணுக்குப் போனபிறகு, ஒரு இளம் ஓவியர் பாத்திக் விற்ற காசில் ஈ.சி.ஆரில் ஒரு சென்ட் வாங்குவதுகூடக் கனவுதான். அதாவது, அதே பார்முலாவை இன்றைக்கு அப்படியே காப்பி அடிக்க முடியாது.

ஆனாலும் கிராமம் நிற்கிறது. 2009-ல் அங்கே புதிய கலை மையம் வந்தது. பணிக்கர், சந்தானராஜ், முனுசாமி, தனபால் காலத்து மெட்ராஸ் இயக்க ஓவியங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். வெளியே மரங்களுக்கு நடுவே சிற்பங்கள்.

இன்னொன்றும் கவனிக்கணும். இந்தத் தென்சென்னைக் கடற்கரையே கலைக்கல்விக்கான ஒரு நீண்ட வளாகம் மாதிரி. திருவான்மியூரில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா, நடுவில் சோழமண்டலம், தெற்கே மாமல்லபுரத்தில் 1957-ல் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரி. பரதம், ஓவியம், கல் சிற்பம் மூன்றும் வழக்கமான பல்கலைக்கழக வளாகங்களுக்கு வெளியேதான் தங்களுக்கென்று இடம் தேடிக்கொண்டன. உள்ளே இடம் கிடைக்காததால் வெளியே முளைத்தவை என்றும் சொல்லலாம்.

இப்போ நிலைமை என்ன?

கதவு இப்போது திறந்தாச்சு. இசைக்கும் கவின்கலைக்குமென்றே தமிழ்நாடு அரசு 2013-ல் தனிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. பணிக்கர் நடத்திய அதே கல்லூரியில் இன்று பி.எஃப்.ஏ., எம்.எஃப்.ஏ. பட்டங்கள் கிடைக்கின்றன. தாம்பரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் விஸ்காம் வகுப்புகள் இருக்கின்றன. யூ.எக்ஸ் டிசைன், அனிமேஷன், கேம் ஆர்ட் என்று வேலைகளும் வந்திருக்கின்றன. டிராயிங் வரும்னா சோத்துக்கு வழியில்லை என்று 1960-கள் மாதிரி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் பணிக்கரைத் துரத்திய கேள்வி மட்டும் அப்படியே இருக்கு. நாள் முழுக்க கிளையன்ட்டுக்காக ஸ்க்ரீனில் வரைகிற ஒருவருக்கு, தனக்காக வரைய நேரம் இருக்கிறதா? கல்லூரி முடிந்த மறுநாள் அவருக்கு ஸ்டுடியோவுக்கு இடம் உண்டா, படத்தைப் பார்த்து நல்லாயில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல சீனியர் உண்டா, கூட நாலு பேர் உண்டா? பட்டத்தோடு இதையும் சேர்த்து யோசிக்கிற கல்லூரி எத்தனை?

ஃபைன் ஆர்ட்ஸ் சேரலாமா என்று யோசிக்கிறவங்க, அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் விசாரிப்பதோடு இன்னும் ரெண்டு விஷயத்தைக் கேளுங்க. இங்கே படித்து முடித்தவர்களில் இன்னும் வரைந்துகொண்டிருப்பவர்கள் யார் யார்? அவர்களோடு இந்தக் கல்லூரிக்கு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா? பணிக்கரின் பத்து வருட வேலைக்கு ரிசல்ட் அந்த இரண்டு கேள்விக்கான பதிலில்தான் இருந்தது.